எந்தச் சாப்பாடு சேராது? மருத்துவர் கண் முன்னால் சோதித்துப் பார்ப்போம்



குழுக் கூட்டத்தில் சந்தா வரவு வைத்து, கடன் பேசி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் நம் பெண்கள் வீட்டுச் சங்கதி பேச ஆரம்பிப்பார்கள். "எனக்குக் கத்தரிக்காய் ஆகாதுங்க, தின்னா ராத்திரி பூரா அரிப்பு." "சின்னவனுக்கு முட்டை சேரலை, பள்ளிக்கூடத்துல போடாதீங்கன்னு சொல்லிட்டேன்." "கருவாடு கரப்பான் பண்டம், அவருக்குக் கொடுக்கறதே இல்லை." ஏனாத்தூரானாலும் சரி, பக்கத்து ஊர்களானாலும் சரி, சேராத சாப்பாடு என்று ஒன்றிரண்டு பெயர் இல்லாத வீடு இருக்காது.

இதில் எது உண்மை, எது பயம் என்று எப்படித் தெரிந்து கொள்வது? இந்த இதழின் பாடம் அதுதான். ஒவ்வாமை என்று எழுதினாலும் அலர்ஜி என்று சொன்னாலும் ஒன்றேதான். இரண்டு வார்த்தையையும் பயன்படுத்தியே எழுதுகிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்கிறது. நிஜமாகவே அலர்ஜி இருக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இல்லாத அலர்ஜியை இருப்பதாக நினைத்து விலக்கினால் பிள்ளை இளைத்துப் போகும். நம் மாநிலத்தில் சத்துணவில் முட்டை 1989-ல் வந்தது. 2010 முதல் பள்ளி நாளெல்லாம் ஒரு முட்டை என்று ஆனது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கொடுக்கும் வாழைப்பழத்தில் 1 கிராம் அளவுதான். எப்போதோ ஒரு நாள் வந்த தடிப்பை வைத்து, வருஷக் கணக்கில் அந்த முட்டையை ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுகிறோம் என்றால், அந்தத் தடிப்பு முட்டையால்தான் வந்ததா என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

சேரலை என்பதில் பல வகை

நாம் "சேரலை" என்ற ஒரே வார்த்தையில் நாலைந்து விஷயத்தைச் சேர்த்துக் கட்டி விடுகிறோம். பிரித்துப் பார்ப்போம்.

உண்மையான உணவு அலர்ஜி என்றால், உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தி ஒரு சாப்பாட்டை எதிரி என்று தப்பாக எண்ணிக்கொண்டு சண்டைக்குப் போவது. பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்தில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உதடு, கண் இமை வீங்கும். காணாக்கடி மாதிரி உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். வாந்தி வரும். தொண்டை அடைக்கும், இளைப்பு வரும். துளி சாப்பிட்டாலும் வரலாம், ஒவ்வொரு தடவையும் வரலாம்.

பால் குடித்தால் வயிறு உப்பி, பேதி ஆகிறது என்றால் அது வேறு. பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற சத்து குடலில் குறைவு, அவ்வளவுதான். நம் நாட்டில் பெரியவர்களில் நிறைய பேருக்கு இது உண்டு. தொந்தரவுதான், உயிருக்கு ஆபத்து இல்லை. தயிர், மோர் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

மீன் சாப்பிட்டு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்தால் அதுவும் அலர்ஜியாக இல்லாமல் போகலாம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறிவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அன்றைக்கு அந்த மீனைத் தின்ற வீட்டார் பல பேருக்கும் ஒரே மாதிரி வந்திருந்தால், குற்றம் மீனைப் பாதுகாத்த விதத்தில்தான். அடுத்த வாரம் நல்ல மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாயம், சோப்பு, சிமெண்ட் இவற்றில் கை படும் வேலை செய்கிறவர்களுக்கு விரல் இடுக்கில் அரிப்பும் வெடிப்பும் வரலாம். வேலைக்குப் போகாத நாளில் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், தட்டில் இருக்கிற கத்தரிக்காயைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அதற்குச் செய்கிற சோதனையே வேறு. முதுகில் ஒட்டுப் போட்டு இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள்.

கத்தரிக்காய் வழக்கு

கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிமார் சொன்ன பட்டியலில் கத்தரிக்காய்க்கு முதல் வரிசையில் இடம். இதை மைசூரில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் என்று மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் விஞ்ஞானிகளும் மைசூர் மருத்துவர்களும் எழுநூறு பேருக்கு மேல் விசாரித்து, தோலிலும் ரத்தத்திலும் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். நிஜமான கத்தரிக்காய் அலர்ஜி என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இருந்தவர்களில் பெண்களே அதிகம்.

அப்படியானால் அரிக்குது என்று சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்களா? இல்லை. கத்தரிக்காயிலேயே இயற்கையாக ஹிஸ்டமின் இருக்கிறது. கெட்டுப்போன மீனில் ஊறுகிறது என்று மேலே சொன்னேனே, அதே பொருள்தான். அலர்ஜி வரும்போது நம் உடம்பு விடுவதும் இதுதான். அதனால் அலர்ஜி இல்லாத சிலருக்கும் நாக்கும் வாயும் லேசாக அரிக்கலாம். இன்னொரு வேடிக்கையும் அந்த விஞ்ஞானிகள் கண்டார்கள். கத்தரிக்காய்ச் சாற்றை வைத்துத் தோலில் குத்திப் பார்த்தால், அலர்ஜி இல்லாதவருக்கும் அந்த ஹிஸ்டமினால் தடிப்பு வந்து, "உனக்கு அலர்ஜி" என்று தப்பாகச் சொல்ல இடம் இருக்கிறது.

பாட்டி சொன்னதில் ஒரு உண்மை இருந்தது, ஆனால் முழு உண்மை இல்லை. அரிப்பு நிஜம். பேர்தான் வேறு.

குத்திப் பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும்

மருத்துவரிடம் போனதும் அவர் ஊசியை எடுக்கமாட்டார். எடுக்கவும் கூடாது. முதலில் கதை கேட்பார். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் வந்தது, என்னென்ன வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முன்பு அதே சாப்பாட்டைச் சாப்பிட்டபோது எப்படி, அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, ஏதாவது மாத்திரை போட்டதா. பாதி முடிவு இந்தப் பேச்சிலேயே வந்துவிடும். ஆகவே ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு போங்கள். தடிப்பு வந்தபோது செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது தடிப்பு மறைந்திருக்கும், "நேத்து இவ்ளோ பெருசா இருந்துதுங்க" என்று கையை விரித்துக் காட்டி என்ன செய்வது? பாக்கெட் சாப்பாடு என்றால் அந்தக் கவரையும் எடுத்துப் போங்கள்.

அடுத்தது தோலில் செய்கிற சோதனை. முன்கையில் ஒவ்வொரு உணவின் சாற்றையும் ஒரு சொட்டு வைத்து, சின்ன முள் போன்ற கருவியால் லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. 15 நிமிஷம் கழித்து எந்த இடம் கொசு கடித்தாற்போல் தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். வெறும் உப்புநீர் ஒரு சொட்டும், ஹிஸ்டமின் ஒரு சொட்டும் கூடவே வைப்பார்கள். உப்புநீர் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் தடிக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் சோதனை செல்லும். அவில், செட்ரிசின் போன்ற மாத்திரை போட்டிருந்தால் தடிப்பு வராமல் ஏமாற்றிவிடும். அதனால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரே சொல்வார், பொதுவாக ஒரு வாரம் வரை ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது.

ரத்தச் சோதனையில் ஐ.ஜி.ஈ. என்ற பொருளை அளப்பார்கள். இது கண்டுபிடித்த கதையை ஒரு வரியாவது சொல்ல வேண்டும். 1921-ல் ஜெர்மனியில் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஆகாது. அவர் ரத்தத்திலிருந்து பிரித்த நீரைக் கொஞ்சம் எடுத்து, பிரவுஸ்னிட்ஸ் என்ற இன்னொரு மருத்துவர் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினதும் வீங்கியது. மீன் நன்றாகச் சேருகிற ஆளின் தோல்! ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் 45 வருஷம் ஆனது. 1966-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதியர், கிமிஷிகே இஷிசாக்காவும் அவர் மனைவி டெருகோ இஷிசாக்காவும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து தறியில் உட்காருகிற ஊர் நம்முடையது. அவர்கள் சேர்ந்து ஆராய்ச்சியில் உட்கார்ந்தார்கள். ஸ்வீடன் நாட்டிலும் அதே காலத்தில் இதே பொருளைத் தனியாகக் கண்டார்கள்.

இருபத்தாறும் ஒன்றும்

இங்கேதான் சகோதரிகள் கவனமாகப் படிக்க வேண்டும். தோல் சோதனையிலோ ரத்தச் சோதனையிலோ "பாசிட்டிவ்" என்று வந்தால் அலர்ஜி உறுதி என்று அர்த்தம் இல்லை.

கர்நாடகத்தில் பெங்களூர், மைசூர்ப் பகுதியில் பெரியவர்களிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஐரோப்பிய நாடுகளோடு சேர்ந்து செய்தது. 2016-ல் முடிவு வெளியானது. ரத்தத்தில் ஏதாவது ஒரு உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேருக்கு மேல். ஆனால் அந்த உணவைச் சாப்பிட்டால் நிஜமாகவே தொந்தரவு வருகிறவர்கள், அதாவது அலர்ஜி இருக்கக்கூடியவர்கள், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றே அதிகம், 1.2 பேர். மீதி இருபத்தைந்து பேரும் அந்தச் சாப்பாட்டைத் தின்று கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

இதை எப்படிப் புரிந்து கொள்வது? வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, போய் ஓட்டுப் போட்டது வேறு. ரத்தச் சோதனை பட்டியலைத்தான் காட்டும். இந்த ஆள் ஓட்டுப் போட்டாரா என்று அதற்குத் தெரியாது.

அறிகுறி எதுவும் இல்லாமல், "எதுக்கும் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்று நாற்பது ஐம்பது சாப்பாட்டுக்கு ரத்தம் கொடுப்பது அதனால்தான் தப்பு. பத்து சாப்பாடு பாசிட்டிவ் என்று பேப்பர் வரும். அரிசி, உளுந்து, பால், முட்டை, கடலை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அம்மா எதைச் சமைப்பாள்?

இன்னொரு சோதனையும் விற்கிறார்கள். ஐ.ஜி.ஜி. என்று பேர். ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் சங்கதி தலைகீழ். ஒரு சாப்பாட்டை நாம் அடிக்கடி சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் பெரும்பாலும் அது காட்டுகிறது. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008-லும் கனடா சங்கம் 2012-லும் எழுதி வைத்துவிட்டார்கள். குழுவில் உள்கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் இதற்குக் கட்டுவது, என் அபிப்பிராயத்தில், கடனைக் கிணற்றில் போட்ட மாதிரி.

சாப்பிட வைத்தே பார்க்கிற சோதனை

அப்படியானால் உறுதியாகத் தெரிந்து கொள்ள வழி என்ன? சந்தேகப்படுகிற சாப்பாட்டையே, மருத்துவமனையில், மருத்துவர் கண் முன்னால், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பதுதான். உலகம் முழுக்க மருத்துவர்கள் இதைத்தான் கடைசித் தீர்ப்பு என்று ஒத்துக்கொள்கிறார்கள். 1976-ல் அதே டென்வர் நகரில் சார்லஸ் மே என்ற குழந்தை மருத்துவர் இதை முறைப்படுத்தினார். சந்தேகப்பட்ட சாப்பாட்டையும் சும்மா ஒரு மாவையும் ஒரே மாதிரி வில்லைக்குள் அடைத்தார். எது எதில் இருக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. பயத்தினால் வருகிற அரிப்பு வேறு, சாப்பாட்டினால் வருகிற அரிப்பு வேறு என்று அப்போதுதான் பிரிந்தது. மும்பை மருத்துவர்களும் இதே முறையில் கொண்டைக்கடலை அலர்ஜியைச் சோதித்து 2001-ல் எழுதினார்கள். கொண்டைக்கடலை என்றால் பஜ்ஜிக்குக் கரைக்கிற கடலை மாவும் அதுதான். நம் நாட்டுக்கு என்று தனி அலர்ஜிப் பட்டியல் இருக்கிறது, வெள்ளைக்காரர் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று பால் சோதனையை வைத்துச் சொல்கிறேன். காலையில் போக வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கக் கூடாது. சளி, காய்ச்சல், வீசிங் இருந்தால் அன்றைக்குச் சோதனை கிடையாது, வேறு நாள் சொல்வார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அட்ரினலின் ஊசி மருந்து பக்கத்தில் தயாராக இருக்கும், ஆக்சிஜன் இருக்கும். அப்பா அம்மாவிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், குழுவில் கற்றுக்கொண்ட பாடம் அங்கேயும் செல்லும்.

முதல் தடவை கொடுப்பது ஏறத்தாழ இரண்டு சொட்டுப் பால். அவ்வளவுதான். இருபது முப்பது நிமிஷம் காத்திருப்பார்கள். தோல், கண், உதடு, மூச்சு பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் அடுத்து அதைப்போல மூன்று மடங்கு. மறுபடி காத்திருப்பு. இப்படி ஏழு படி ஏறினால் அரை தம்ளர் பால் வரும். முழுவதையும் குடித்த பிறகும் இரண்டு மணி நேரமாவது உட்கார வைத்துப் பார்ப்பார்கள். ஆக ஒரு நாள் வேலை போய்விடும். கூலி போகுதே என்று பாதியில் எழுந்து வராதீர்கள். இடையில் நிஜமான அறிகுறி வந்தால் அங்கேயே நிறுத்தி மருந்து கொடுப்பார்கள். நிறுத்தியது தோல்வி இல்லை, பதில் கிடைத்துவிட்டது.

எவ்வளவு கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார். இரண்டு சொட்டு என்று படித்தோமே, வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று தயவு செய்து யாரும் இறங்க வேண்டாம். எதிர்வினை பெரும்பாலும் தடிப்போடு அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் 2017-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, மருத்துவமனைக்குள் நடந்த பால் சோதனையில் எதிர்வினை வந்து, காப்பாற்ற முடியாமல் இறந்தது. மிக மிக அரிது. ஆனாலும் ஊசியும் ஆக்சிஜனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே அப்படி நேர்ந்தது என்றால், நம் அடுப்பங்கரையில் என்ன இருக்கிறது? ஒரு சொம்பு தண்ணீரும் பதற்றமும்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு சாப்பாட்டை மாதக்கணக்கில் அறவே நிறுத்திவிட்டு, ஒரு நாள் திடீரென்று "பார்க்கலாமே" என்று கொடுக்கும்போது, முன்னைவிட வேகமாக வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருமுறையாவது மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்திருந்தால் வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது.

எங்கே போவது? முதலில் நம் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் காட்டுங்கள், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லுங்கள். ஏனாத்தூரிலேயே மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி, சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உண்டு. சாப்பிட வைத்துப் பார்க்கும் சோதனை எல்லா இடத்திலும் நடப்பதில்லை. குழந்தை மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ "இந்தச் சோதனை எங்கே செய்வார்கள், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு, கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

மூச்சு வாங்கினால்

இதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போடு இளைப்பு, குரல் கம்மல், நாக்கு வீக்கம், ஓயாத வாந்தி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். "சாப்பாட்டு அலர்ஜி, மூச்சு வாங்குது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் சாய்த்து உட்கார வைக்கலாம். கர்ப்பிணியானால் இடது பக்கமாகப் படுக்கட்டும். எழுப்பி நடக்க வைக்காதீர்கள், அப்படி எழுந்து நிற்கும்போதே உயிர் போனது உண்டு. வாயில் தண்ணீரோ கஷாயமோ ஊற்ற வேண்டாம்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில் போடுவது. அவில் மாத்திரை அரிப்பைத் தணிக்கும், அடைக்கிற மூச்சைத் திறக்காது. மாத்திரை போட்டுவிட்டு "பார்க்கலாம்" என்று உட்காரும் அரை மணி நேரம்தான் பல பேரைக் கொண்டு போகிறது. ஊசி போட்டுச் சரியானதும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில பேருக்கு சில மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை வரும். மருத்துவர் போகச் சொல்லும் வரை அங்கேயே இருங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு சாப்பாடு பழக்கும்போது, அலர்ஜி வந்துவிடுமோ என்று முட்டையையும் வேர்க்கடலையையும் இரண்டு மூன்று வயது வரை தள்ளிப்போடுவது பழைய யோசனை. மருத்துவர்களே முன்பு அப்படிச் சொன்னார்கள். 2015-ல் லண்டனில் முடிந்த ஆய்வு அதை மாற்றிவிட்டது. கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி இருந்த 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேர்க்கடலைப் பண்டம் கொடுத்தார்கள், மறு பாதிக்கு அறவே கொடுக்கவில்லை. தொடக்கத்தில் தோல் சோதனையில் தடிக்காத குழந்தைகளில், ஐந்து வயதில், கொடுக்காத பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 14 பேருக்கு கடலை அலர்ஜி. கொடுத்த பிள்ளைகளில் 2 பேருக்கு மட்டும். விலக்கினதால்தான் வந்தது! கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். எந்தக் குழந்தைக்கும் முழுக் கடலை கொடுக்கக் கூடாது, மூச்சுக் குழலில் சிக்கும். அரைத்து, கஞ்சியில் கலந்து கொடுங்கள்.

பசும்பால் அலர்ஜி உறுதியான குழந்தைக்கு "ஆட்டுப்பால் கொடும்மா, அது குளிர்ச்சி" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆட்டுப்பால், எருமைப்பால் இவற்றின் புரதமும் கிட்டத்தட்ட அதே சாயல். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது. தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீர்கள். நல்ல செய்தி, பால் அலர்ஜியும் முட்டை அலர்ஜியும் பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். ஐந்து வயதில் விலக்கியதைப் பதினைந்து வயது வரை கேள்வி கேட்காமல் விலக்க வேண்டியதில்லை. முட்டை அலர்ஜி என்பதற்காகத் தட்டம்மைத் தடுப்பூசியை யாரும் தவிர்க்க வேண்டாம், அது கொடுக்கலாம். செவிலியரிடம் அலர்ஜியைச் சொன்னால் போதும்.

நாம் விற்கிற பொடியும் ஊறுகாயும்

இட்லிப் பொடி, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், முறுக்கு செய்து விற்கிற குழுக்கள் நம் கூட்டமைப்பில் நிறைய. வாங்குகிற வீட்டில் அலர்ஜிப் பிள்ளை இருந்தால் அந்தத் தாய் நம் லேபிளை நம்பித்தான் கொடுப்பாள். 2020-ஆம் ஆண்டு வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சில பொருள்கள் இருந்தால் பாக்கெட்டில் தனியாக எழுத வேண்டும். கோதுமை போன்ற குளூட்டன் தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் சல்பைட். எள் இந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் எழுத வேண்டும். நாமும் எழுதிவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மறந்து போகிற இடம் பெருங்காயம். கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பது வழக்கம். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். "எங்க பொடியில கோதுமையே இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெருங்காயத்தைப் போட்டிருப்போம். அதேபோல வேர்க்கடலை அரைத்த மெஷினில் உடனே பருப்புப் பொடி அரைத்தால், கடலைத் தூள் கலந்துதான் வரும். மெஷினைத் துடைத்து, கடலை இல்லாத பொருளை முதலில் அரைத்து, கடலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டத்தில் பேச

உங்கள் குழு உறுப்பினர் வீடுகளில் மருத்துவர் உறுதி செய்த அலர்ஜி யாருக்கு, கேள்விப்பட்டு விலக்கினது யாருக்கு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். இரண்டாவது பத்தியில் இருக்கிற பிள்ளைகளை மருத்துவரிடம் அழைத்துப் போக ஒரு நாள் குறியுங்கள். முதல் பத்தியில் இருக்கிற பிள்ளையின் பெயரும் ஆகாத உணவும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் எழுத்தில் போக வேண்டும், வாய்ச்சொல்லாக வேண்டாம். ஆள் மாறினால் சொல்லும் போய்விடும். சோதனைக்குப் போகும் நாளின் பஸ் செலவுக்கும் கூலி இழப்புக்கும் உள்கடன் தரலாமா என்றும் பேசுங்கள். ராத்திரி பத்து மணிக்கு 108 வருவதற்குள் தெருமுனை வரை ஆளைத் தூக்கிவர யார் வீட்டு ஆட்டோ, அவர் போன் நம்பர் என்ன என்பதைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.